பழத்தோல் சேர்த்த பிரெட்: பயன் எவ்வளவு? பாதுகாப்பு எவ்வளவு?

பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை எறிவது நகரத்துக்கு வந்த பிறகு நாம் கற்றுக்கொண்ட பழக்கம் எனலாம். நம் பாட்டிமாரின் சமையலறையில் வாழைக்காய்த் தோல் பொரியலாயிற்று. பீர்க்கங்காய்த் தோல் துவையலாயிற்று. ஆரஞ்சுத் தோல் புளிக்குழம்பில் சேர்ந்தது. மாங்கொட்டை சாம்பாரில் மிதந்தது. கன்னட நாட்டின் கடற்கரைப் பகுதியில் தர்பூசணியின் வெள்ளைப் பகுதியை அரிசியோடு அரைத்து இன்றும் தோசை வார்க்கிறார்கள். ஆகவே, "பழக்கழிவை உணவில் சேர்ப்பது" என்று விஞ்ஞானிகள் இப்போது பேசும்போது, அது நமக்குப் புத்தம் புதிய செய்தி அல்ல. சேர்க்கும் இடம்தான் புதிது. துவையலுக்குப் பதிலாக பிரெட், பிஸ்கெட், கேக்.

பிரெட் என்றே இக்கட்டுரையில் எழுதுகிறேன். ரொட்டி என்று எழுதினால், கர்நாடகத்தில் வாழும் நமக்கு அக்கி ரொட்டியும் ராகி ரொட்டியும்தான் நினைவுக்கு வரும். நாம் பேசப் போவது பேக்கரியில் துண்டு போட்டுத் தரும் பிரெட்டைப் பற்றி.

ஒரு காலத்தில் காய்ச்சல் வந்தவர்களுக்கு மட்டும் வாங்கிய பொருள் அது. இன்று காலையில் பள்ளிக்கு ஓடும் பிள்ளைக்கும், இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கும், இட்லிக்கு மாவரைக்க முடியாத முதியவருக்கும் அதுவே சிற்றுண்டி ஆகிவிட்டது. சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பு ஒன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் என்று அது கணக்கிட்டது. பல வீடுகளில் ஒருவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் காலத்தில், அந்த வீட்டு மேசையில் இருக்கும் பிரெட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பது வீண் ஆராய்ச்சி அல்ல.

மாளிகையில் ஓர் ஆய்வுக்கூடம்

இக்கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மைசூர் கே.ஆர்.எஸ். சாலையில் பரந்த தோட்டத்தின் நடுவே நிற்கும் செலுவாம்பா மாளிகையை நம்மில் பலர் பேருந்தில் போகும்போது பார்த்திருப்போம். மைசூர் இளவரசி செலுவாஜம்மண்ணிக்காகக் கட்டப்பட்ட அம்மாளிகையில்தான் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது. மைசூர்க்காரர்கள் சுருக்கமாக சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்பார்கள். அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன். எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறை இந்நிறுவனத்தில் உருவானது என்பதும், அதுவே பின்னாளில் அமுல் குழந்தை உணவுக்கு அடிப்படையானது என்பதும் பலரும் அறிந்த வரலாறு.

இந்நிறுவனத்தில் மாவு அரைத்தலுக்கும் பேக்கரிப் பொருள்களுக்கும் தனித் துறை இருக்கிறது. அங்கே பணியாற்றிய விஞ்ஞானிகள், பழத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் பொருளை கோதுமை மாவில் கலந்தால் என்ன ஆகும் என்று அளந்து பார்த்து, முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றில் இரண்டை இங்கே பார்ப்போம்.

மிஞ்சுவது எவ்வளவு?

அதற்கு முன், இந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஆந்திரத்தில் சித்தூர்ப் பக்கத்திலும் மாங்கூழ் ஆலைகள் நிறைய உண்டு. மாம்பழப் பருவத்தில் லாரி லாரியாக வந்து இறங்கும் பெங்களூரா மாம்பழம், அதாவது தோத்தாபுரி, அங்கே கூழாகி டப்பாவில் அடைபட்டு வெளிநாடு போகிறது. பழத்தின் எடையில் 15 முதல் 20 விழுக்காடு தோல். கொட்டை வேறு. இவை ஆலை வாசலில் குவிந்து, இரண்டே நாளில் புளித்து, ஈ மொய்த்து, நிலத்தையும் நீரையும் கெடுக்கின்றன. ஆப்பிள் சாறு பிழியும் ஆலைகளிலும் இதே கதைதான். சாறு போக எஞ்சும் சக்கை, பழத்தின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இருக்கும்.

இப்படிக் குப்பையாகும் தோலிலும் சக்கையிலும்தான் பழத்தின் நார்ச்சத்தில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. பழத்துக்கு நிறமும் துவர்ப்பும் தரும் பாலிஃபீனால் என்னும் பொருள்களும் தோலில்தான் அதிகம். பூச்சியிலிருந்தும் வெயிலிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது.

மாம்பழத்தோல் பிஸ்கெட்டும் ஆப்பிள் சக்கைக் கேக்கும்

2007இல் வெளிவந்த ஆய்வில் எம்.எல். சுதா, வி. பாஸ்கரன், கே. லீலாவதி ஆகிய மூவரும் ஆப்பிள் சக்கையை எடுத்துக்கொண்டார்கள். உலர்த்திப் பொடித்த சக்கையில் 51 விழுக்காடு நார்ச்சத்து இருந்தது. அதைக் கலந்து கேக் செய்தபோது, சாதாரணக் கேக்கில் அரை விழுக்காடு கூட இல்லாத நார்ச்சத்து, மாவில் 25 விழுக்காடு சக்கை சேர்த்த கேக்கில் 14.2 விழுக்காடு ஆயிற்று. சக்கைக்கே பழமணம் இருந்ததால் தனியாக எசென்ஸ் சேர்க்க வேண்டிய தேவையும் குறைந்தது.

அடுத்த ஆண்டு, 2008இல், சி.எம். அஜிலா, கே. லீலாவதி, யு.ஜே.எஸ். பிரசாத ராவ் ஆகியோர் மாம்பழத்தோல் பொடியை பிஸ்கெட் மாவில் 5 முதல் 20 விழுக்காடு வரை கலந்து பார்த்தார்கள். தோல் பொடியிலும் நார்ச்சத்து 51 விழுக்காடுதான். அதில் 19 விழுக்காடு நீரில் கரையும் வகை. 20 விழுக்காடு கலந்தபோது பிஸ்கெட்டின் நார்ச்சத்து 6.5இலிருந்து 20.7 விழுக்காடாக உயர்ந்தது. பாலிஃபீனால் ஒரு கிராமுக்கு 0.54 மில்லிகிராமிலிருந்து 4.50 மில்லிகிராம் ஆனது. அடுப்பின் சூட்டைத் தாண்டியும் அவை தங்கியிருந்தன என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் தின்று பார்த்தவர்களுக்குப் பிடித்தது 10 விழுக்காடு வரை கலந்த பிஸ்கெட்தான். அதற்குமேல் போனால் சத்து ஏறியது, சுவை இறங்கியது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இவை பிஸ்கெட்டிலும் கேக்கிலும் செய்த அளவீடுகள். மனிதர்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்து நோய் குறைந்ததா என்று பார்த்த ஆய்வுகள் அல்ல. எனவே, "மாம்பழத்தோல் புற்றுநோயைத் தடுக்கும்" என்பது போன்ற விளம்பர வாசகங்களை இவற்றின் மேல் ஏற்றிச் சொல்வது நியாயமாகாது. பாலிஃபீனால் கூடியது என்பது சோதனைக்குழாயில் கண்ட உண்மை. நார்ச்சத்தின் பயனோ நீண்டகாலமாக மனிதர்களிடமே நிறுவப்பட்டது. நாம் பற்றிக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

நார்ச்சத்து செய்யும் வேலை

நார்ச்சத்தில் இரண்டு வகை உண்டு. நீரில் கரையாதது ஒன்று. கோதுமைத் தவிட்டில் இருப்பது பெரும்பாலும் அதுவே. அது குடலில் நீரைப் பிடித்துவைத்து மலச்சிக்கலைப் போக்குகிறது. நீரில் கரைவது மற்றொன்று; ஆப்பிளிலும் மாம்பழத்தோலிலும் உள்ள பெக்டின் இந்த வகை. அது வயிற்றில் கஞ்சி போலக் குழைந்து, உணவு குடலுக்குள் இறங்குவதை மெதுவாக்குகிறது. அதனால் இரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக ஏறாமல் படிப்படியாக ஏறுகிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவைக் குறைக்கவும் அது ஓரளவு உதவுகிறது.

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உணவிலிருந்தே கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மைதா பிரெட்டும் வெள்ளை அரிசியுமாக நாளைக் கழிக்கும் வீட்டில் இந்த அளவை எட்டுவது கடினம்.

பிசைந்த மாவில் நடப்பது என்ன?

அப்படியானால் கைநிறையத் தோல் பொடியை அள்ளிப் போட்டுவிடலாமே என்று தோன்றலாம். அங்கேதான் பிரெட்டுக்கும் பிஸ்கெட்டுக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. கோதுமை மாவில் நீர் ஊற்றிப் பிசையும்போது குளூட்டன் என்னும் புரதம் வலை போலப் பின்னிக்கொள்கிறது. ஈஸ்ட் வெளிவிடும் காற்றை அந்த வலை பிடித்து வைப்பதால்தான் பிரெட் உப்புகிறது. பிஸ்கெட்டுக்கு உப்ப வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை. பிரெட்டுக்கு அதுதான் உயிர்.

தோல் பொடி சேரும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, மாவின் ஒரு பங்கு குறைவதால் குளூட்டனும் குறைகிறது. இரண்டாவது, நார் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. சுதா குழுவினரின் ஆய்வில், 15 விழுக்காடு ஆப்பிள் சக்கை கலந்தபோது மாவு கேட்ட தண்ணீர் 60.1 விழுக்காட்டிலிருந்து 70.6 விழுக்காடாக உயர்ந்தது. மூன்றாவது, நார்த்துகள்கள் ஊசி போல வலையைக் குத்திக் கிழிக்கின்றன. காற்று கசிந்து போகிறது. அதே ஆய்வில் 30 விழுக்காடு சக்கை சேர்த்த கேக்கின் பருமன் 850 கன சென்டிமீட்டரிலிருந்து 620 ஆகச் சுருங்கியது. பிரெட் என்றால் இந்தச் சுருக்கம் இன்னும் உறைக்கும். செங்கல் போல ஒரு பிரெட்டைச் சுட்டுவைத்து, "உடம்புக்கு நல்லது, தின்னு" என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் கேட்கப் போவதில்லை.

ஆகவே பிரெட்டுக்கு நூற்றுக்கு 5 பங்கு என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. பொடியை நைசாகச் சலித்து, தண்ணீரில் முன்கூட்டியே ஊறவைத்துச் சேர்த்தால் வலை கிழிவது குறையும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது ஒரு வீட்டுக் கணக்கு. 500 கிராம் மாவில் ஏறத்தாழ 750 கிராம் எடையுள்ள பிரெட் கிடைக்கும். 30 கிராம் வீதம் 25 துண்டு என்று வைத்துக்கொள்வோம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் மைதாவில் நார்ச்சத்து 2.76 கிராம், முழுக்கோதுமை மாவில் 11.36 கிராம். இதன்படி ஒருவர் காலையில் நான்கு துண்டு தின்றால் கிடைக்கும் நார்ச்சத்து வருமாறு:

வெறும் மைதா பிரெட்: சுமார் 2.2 கிராம்.
மைதாவில் 5 விழுக்காடு மாம்பழத்தோல் பொடி சேர்த்தது: சுமார் 4.1 கிராம்.
முழுக்கோதுமை மாவு பிரெட்: சுமார் 9.1 கிராம்.
முழுக்கோதுமை மாவில் 5 விழுக்காடு தோல் பொடி சேர்த்தது: சுமார் 10.7 கிராம்.

இந்த நான்கு வரிகளில் விஷயம் முழுவதும் அடங்கிவிடுகிறது. தோல் பொடி மைதா பிரெட்டின் நார்ச்சத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குவது உண்மை. ஆனால் மைதாவை விட்டு முழுக்கோதுமைக்கு மாறினாலே அது நான்கு மடங்காகிவிடுகிறது. ஒரு நடுத்தரக் கொய்யாப்பழத்தில், 100 கிராமுக்கு, 8 கிராமுக்குமேல் நார்ச்சத்து உண்டு. நான்கு துண்டு பிரெட்டுக்குள் தோல் பொடி கொண்டுவந்து சேர்ப்பது 2 கிராம்தான்.

எனவே வரிசை இது. முதலில் மாவை மாற்றுக. அடுத்து, தோலோடு தின்னக்கூடிய பழத்தைத் தோலோடு தின்க. அதன் பிறகே தோல் பொடி. அப்படியானால் மைசூர் விஞ்ஞானிகளின் உழைப்பு வீணா என்றால், இல்லவே இல்லை. முழுக்கோதுமையில் குறைவாக உள்ள, நீரில் கரையும் நாரைப் பழத்தோல் தருகிறது. ஆலை அளவில் பார்த்தால், வீணாகும் டன் கணக்கான தோல் உணவாகிறது. பிஸ்கெட்டை விடவே மாட்டேன் என்னும் பிள்ளைக்கு அந்தப் பிஸ்கெட்டிலேயே கொஞ்சம் நல்லது போய்ச் சேர்கிறது. ஆனால் "பழநார் சேர்த்தது" என்று அட்டையில் அச்சிட்ட மைதா பிரெட்டை, இரட்டை விலை கொடுத்து மருந்து போல வாங்கவேண்டிய அவசியம் இல்லை.

தோலின் மேல் என்ன இருக்கிறது?

இனிப் பாதுகாப்புக்கு வருவோம். பழத்தைக் காக்கும் தோலின் மேல்தான் மனிதன் தெளித்ததும் பூசியதும் தங்குகின்றன. உள்ளே இருக்கும் சுளையைவிடத் தோலில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் இருப்பது இயல்பு. தோலை உலர்த்திப் பொடிக்கும்போது தண்ணீர் போய்விடுகிறது. நல்லதும் கெட்டதும் செறிவாகி நிற்கின்றன.

2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சமையல் சோடா கலந்து 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது, மேற்பரப்பில் இருந்த இரண்டு வகை மருந்துகளும் வெறும் தண்ணீரில் கழுவியதைவிட நன்றாக நீங்கின. ஆனால் தோலுக்குள் ஊறிவிட்ட பகுதி நீங்கவில்லை. கழுவுவது அவசியம், கழுவினால் எல்லாம் போய்விடும் என்பது இல்லை.

மாம்பழத்தில் வேறொரு கவலை கால்சியம் கார்பைடு. அதை வைத்துப் பழுக்கவைப்பதற்கு இந்தியாவில் தடை உண்டு. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கலப்பு இருக்கக்கூடும் என்பதே காரணம். எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த அனுமதி இருக்கிறது. மேலெல்லாம் ஒரே மஞ்சளாகி உள்ளே காயாக இருக்கும் பழத்தையும், சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருக்கும் பழத்தையும் சுளைக்காகக்கூட வாங்க வேண்டாம். தோலுக்காக வேண்டவே வேண்டாம்.

மாங்காய்ப் பால் பட்டால் சிலருக்கு உதடும் முகமும் புண்ணாகும். காம்புப் பக்கத்துத் தோலில் அந்தப் பால் அதிகம். மாம்பழம் தின்றால் வாயைச் சுற்றித் தடிப்பு வரும் வழக்கமுள்ளவர்கள் தோல் பொடியைத் தொடாமலிருப்பதே நல்லது.

ஆப்பிளில் கவனிக்கவேண்டியது அழுகல். அழுகிய ஆப்பிளில் வளரும் ஒருவகைப் பூஞ்சை பாட்டுலின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. ஆப்பிள் சாற்றில் அது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அழுகிய இடத்தை வெட்டி எறிந்தாலும் அது சுற்றுப்புறத்தில் பரவியிருக்கலாம்; அடுப்புச் சூட்டில் முழுவதும் அழிவதும் இல்லை. ஆகவே அழுகிய பழத்தின் மிச்சம் தோல் பொடிக்கு ஆகாது. ஆப்பிள் விதையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் சிறிது இருப்பதால், விதையை நீக்கிய பிறகே சக்கையை அரைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஈரம். அரைகுறையாக உலர்ந்த பொடியில் பூஞ்சை பிடிக்கும். ஆலைகளின் தோல் வாசலில் குவிந்து கிடந்து புளித்த பிறகு அதை உலர்த்துவதில் பயனில்லை. பழம் வெட்டிய அன்றே கழுவி உலர்த்தினால்தான் அது உணவு. இல்லையேல் உரக்குழிக்குத்தான் அது பொருத்தம்.

கடையில் வாங்கும்போது

நாரைச் சேர்த்தால் மாவு தளர்கிறது என்று பார்த்தோம். தளர்ந்த மாவைத் தூக்கி நிறுத்த பேக்கரிக்காரர்கள் முன்பு பொட்டாசியம் புரோமேட் என்னும் உப்பைச் சேர்ப்பது வழக்கம். சரியாக வெந்தால் அது தீங்கற்ற வேறொன்றாக மாறிவிடும் என்று நம்பினார்கள். அளவு கூடினாலும் வேக்காடு குறைந்தாலும் எச்சம் நின்றுவிடும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் அதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சேர்த்திருக்கிறது. 2016 மே மாதம் தில்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், அந்நகரில் வாங்கிய 38 பிரெட், பன் முதலியவற்றைச் சோதித்து, அவற்றில் 84 விழுக்காட்டில் புரோமேட் அல்லது அயோடேட் எச்சம் இருந்ததாக அறிவித்தது. அடுத்த மாதமே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பொட்டாசியம் புரோமேட்டைத் தடைசெய்தது. வைட்டமின் சி, நொதிகள், தனியாக எடுத்த குளூட்டன் ஆகியவற்றால் அதே வேலையைச் செய்துகொள்ள முடியும். நல்ல பேக்கரிகள் அப்படித்தான் செய்கின்றன.

உறையில் அச்சிட்ட பிரெட் வாங்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, பொருள்களின் பட்டியல். எடையில் அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. முதல் சொல் மைதா என்றிருந்தால், உறையின் நிறம் பழுப்பாக இருப்பதாலோ கோதுமைக் கதிர் படம் போட்டிருப்பதாலோ அது முழுக்கோதுமை பிரெட் ஆகிவிடாது. இரண்டாவது, எண்கள். 150 என்று தொடங்குவது கருகிய சர்க்கரை நிறம். பழுப்பு நிறம் தவிட்டிலிருந்து வந்ததா நிறத்திலிருந்து வந்ததா என்பதை அது சொல்லிவிடும். 282 என்பது கால்சியம் புரோப்பியனேட். பூஞ்சையைத் தடுக்க அளவோடு அனுமதிக்கப்பட்டது, அஞ்ச வேண்டியதில்லை. 924 என்ற எண்ணைக் கண்டால் வாங்க வேண்டாம், அதுதான் புரோமேட். மூன்றாவது, 14 இலக்க உரிம எண்ணும் தேதியும்.

நம் தெருமுனை ஐயங்கார் பேக்கரியில் உறை இல்லாமல் வாங்குகிறவர்கள், மாவு என்ன, பழநார் சேர்த்திருந்தால் எந்தப் பழம், எங்கிருந்து வந்தது என்று கேட்டே வாங்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை. வாடிக்கையாளர் கேட்கும் கடையில்தான் பொருள் தரமாக இருக்கும்.

வீட்டில் செய்து பார்க்க

வைகாசி, ஆனி மாதங்களில் தேவராஜ மார்க்கெட்டில் ரஸ்புரியும் பாதாமியும் மணக்கும்போது, செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் இதோ முறை. சொந்தத் தோட்டத்துப் பழமோ, தெரிந்த தோட்டத்துப் பழமோ கிடைத்தால் மட்டும் தொடங்குங்கள்.

முழுப்பழத்தை, மேலே சொன்ன சோடா நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். காம்புப் பக்கத்தை வெட்டி நீக்கிவிட்டுத் தோலை மெல்லியதாகச் சீவுங்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் தோல் கறுத்துப் போகாது. துணியில் ஒற்றி, மெல்லிய வலைத்துணிக்கு அடியில் நல்ல வெயிலில் பரப்புங்கள். இங்கே கோடைமழை சொல்லாமல் வரும். வானம் மூடினால் 50, 60 டிகிரி சூட்டில் அவனில் வைத்து முடித்துவிடுங்கள். வளைத்தால் அப்பளம் போல ஒடிய வேண்டும். அதுதான் பதம். மிக்ஸியில் பொடித்து, மைதா சலிக்கும் சல்லடையில் சலித்து, காற்றுப்புகாத புட்டியில் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். மக்கல் வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

பிரெட்டுக்கு முழுக்கோதுமை மாவு 300 கிராம், மைதா 175 கிராம், தோல் பொடி 25 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 6 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி. பொடியை 100 மி.லி. வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, மேலும் 220 முதல் 240 மி.லி. வரை நீர் விட்டு, பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக இருக்க வேண்டும். இரட்டிப்பாகும்வரை மூடி வைத்து, காற்றை இறக்கி, அச்சில் போட்டு மறுபடி உப்பவிட்டு, 200 டிகிரி சூட்டில் 35 நிமிடம் சுட்டெடுங்கள். பழத்தின் சர்க்கரை சேர்வதால் மேற்புறம் சீக்கிரம் சிவக்கும். பொன்னிறத்தோடு நிறுத்துங்கள். மாவுப்பொருள்கள் 120 டிகிரிக்கு மேல் கருகச் சிவக்கும்போது அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் கூடுகிறது என்பதை 2002இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டறிந்து சொன்னார்கள். பிரெட்டைத் தீய்த்து டோஸ்ட் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆறிய பிறகே துண்டு போடுங்கள். முதல் வாரம் ஒருவருக்கு இரண்டு துண்டு போதும். நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்புசம் கொள்ளும். தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் இதையும் பிரெட்டாகவே கணக்கில் வையுங்கள். தோல் சேர்ந்துவிட்டது என்பதற்காகத் துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் முன்னோர் தோலைத் துவையலாக்கியபோது, அந்தத் தோல் அவர்கள் கொல்லையில் காய்த்தது. மேலே எதுவும் தெளிக்கப்படாதது. சேர்த்த அளவும் ஒரு பிடிதான். சி.எஃப்.டி.ஆர்.ஐ. விஞ்ஞானிகளின் மாம்பழத்தோல் பிஸ்கெட் ஆய்விலும் அளவு கூடியபோது சுவை இறங்கியது. நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் பத்து. சுத்தமான தோல், முழு மாவு, சிறிய அளவு. இம்மூன்றும் சேர்ந்தால் பழத்தோல் பிரெட்டை நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். தோலின் சுத்தத்தில் ஐயம் இருந்தால் அதைச் செடிக்கு உரமாகப் போட்டுவிட்டு, முழுக்கோதுமை பிரெட் இரண்டு துண்டும் நன்கு கழுவிய கொய்யாப்பழம் ஒன்றும் கொடுத்து அனுப்புங்கள். பிள்ளைக்கு ஒரு குறையும் வராது.